ஊர் புதைத்தவர்

சாவு மணி அடிக்க ஆரம்பித்தபோது ஜெருஷா பூசணிக்காயைப் பிளந்து விதையை வழித்துக்கொண்டிருந்தாள். நல்ல மத்தியானம். மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் அவள் கணவர் எல்னாதன் உட்கார்ந்து, எழுதுவதற்கு வாத்திறகு சீவிக்கொண்டிருந்தார். ஆல்டன் முனையில் அந்த மணி கேட்டால் யாரும் பேச மாட்டார்கள், எண்ணுவார்கள். குழந்தை போனால் மூன்று அடி, பெண் போனால் ஆறு, ஆண் என்றால் ஒன்பது. பிறகு ஒரு மூச்சு இடைவெளி விட்டு, போனவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. கடலோரத்து ஊர், மொத்தமே நூற்றுப்பத்து வீடு. எண்ணி முடிப்பதற்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஜெருஷா கத்தியைப் பிடித்தபடியே எண்ணினாள். ஒன்பது விழுந்தது. பிறகு இருபத்தைந்தில் நின்றால் கொல்லர் வீட்டுப் பையன், எழுபதுக்குப் போனால் மாவு அரைக்கும் ஆலைக்காரர், இரண்டு பேருமே படுத்த படுக்கை. மணி இரண்டிலும் நிற்கவில்லை. நாற்பத்தொன்றில் நின்றது.

“என் வயசு,” என்றார் எல்னாதன், இறகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நாப்பத்தொண்ணு ஊர்ல வேற யாரு?” என்றாள் ஜெருஷா. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாரும் இல்லை.

அன்றைக்கு 1765 நவம்பர் முதல் தேதி. கடலுக்கு அந்தப்பக்கம் லண்டனில் உட்கார்ந்து எங்களை ஆளுகிற பாராளுமன்றம் போட்ட முத்திரைத்தாள் வரி அன்றையிலிருந்துதான் நடப்புக்கு வருகிறது. நிலம் எழுதி வாங்கினாலும், உயில் எழுதினாலும், கல்யாணத்துக்குச் சீட்டு வாங்கினாலும், ஏன், செய்தித்தாள் அச்சடித்தாலும், சீட்டுக்கட்டு விளையாடினாலும் லண்டன் முத்திரை விழுந்த காகிதம்தான் வேண்டும். எங்களைக் கேட்காமல் எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்று பாஸ்டனில் ஆரம்பித்த கூச்சல் ஆகஸ்டிலேயே ஆல்டன் முனைக்கு வந்துவிட்டது. அதே ஆகஸ்டில்தான், அந்தக் காகிதத்தை இந்த ஊரில் விற்கும் உத்தியோகத்தை எல்னாதன் ஏற்றுக்கொண்டார். பத்திரம் எழுதுகிறவர். எழுத்து அச்சுக்கோத்த மாதிரி இருக்கும். ஆளுநரின் ஆள் வந்து கேட்டார், இவர் சரியென்றார், வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியமும் செய்துவிட்டார். அந்தக் கடைசிக் காரியத்தைச் செய்யாமல் இருந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும் என்று ஜெருஷா பிற்பாடு பலமுறை நினைத்தாள். கை வைத்ததை எடுக்கத் தெரியாத மனிதர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காகிதம் ஊருக்கு வரவேயில்லை. கூட்டத்துக்குப் பயந்து பாஸ்டன் துறைமுகத் தீவுக் கோட்டையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒரு தாள்கூடக் கண்ணால் பார்க்காத காகிதத்துக்காக ஊர் இவருக்கு இரண்டு தடவை கொடும்பாவி கட்டித் தொங்கவிட்டது, மூன்று சன்னல் கண்ணாடியை உடைத்தது. இன்றைக்குப் பிணம் எடுக்கிறது.

ஊர்வலம் அவர்கள் வீட்டு வழியாகத்தான் வந்தது. சவப்பெட்டியின் முன்வலது மூலையைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தவன் ஜெருஷாவின் அண்ணன் ஈனோஸ். பீப்பாய் செய்கிறவன், ஊர்க்கூட்டத்தில் முதல் குரல் அவனுடையது. மூடாத பெட்டிக்குள் வைக்கோல் உருவம் ஒன்று மல்லாந்து கிடந்தது. அதற்குப் போட்டிருந்த பழுப்புக் கோட்டு எல்னாதனுடையது. போன வசந்தத்தில், முழங்கை கிழிந்ததென்று ஜெருஷாவே அண்ணனுக்குக் கொடுத்தது.

“பெட்டி கொஞ்சம் கட்டையா இருக்கு,” என்றார் எல்னாதன், சன்னலோரம் நின்று. “ஒங்கண்ணன் என் உயரத்த ஒருநாளும் சரியா பாத்ததில்ல.”

“ஏங்க, அங்க நிக்காதீங்க. இப்படி வாங்க.”

“ஏன்? தன் சாவ தானே நின்னு பாக்கிறது எல்லாருக்கும் கெடைக்குமா?”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை அந்த நேரம் பார்த்து ஒரு புரட்டுப் புரண்டது.

தப்பு நடந்தது மணியில். கூத்துக்கு ஒரு முழக்கம் இருக்கட்டும், கொஞ்சம் மணி அடியுங்கள் என்று மணியடிக்கும் கிழவரிடம் ஈனோஸ் சொல்லியிருந்தான். கண்டபடி அடிப்பார் என்று அவன் நினைப்பு. ஆனால் முப்பது வருஷமாகச் சாவுக்கு மணி அடித்த கை. பெட்டி கிளம்புகிறது என்றால் அந்தக் கைக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஒன்பது அடித்து, மூச்சு விட்டு, ஊர்ப் புத்தகத்தில் எல்னாதனின் வயதைப் பார்த்து நாற்பத்தொன்று அடித்துவிட்டார். காற்று கரையிலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மீன்பிடிக்கப் போயிருந்த பன்னிரண்டு படகுக்கும் மணி தெளிவாகக் கேட்டது. நாலு நாளாகக் கடலில் கிடந்தவர்களுக்கு இந்தக் கூத்தும் தெரியாது, பெட்டிக்குள் கிடப்பது கொடும்பாவி என்றும் தெரியாது. எண்ணினார்கள், ஆளைக் கண்டுபிடித்தார்கள், தொப்பியைக் கழற்றினார்கள். வலையை அப்படியே விட்டுவிட்டு, ‘எல்னாதனின் பெண்சாதிக்குத் தேவன் ஆறுதல் தரட்டும்’ என்று பன்னிரண்டு படகிலும் வாய்விட்டு ஜெபம் பண்ணினார்கள். எங்கள் ஊர்க்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ஜெபம் பண்ணி முடித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள எவனுக்கும் மனசு வராது.

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே முதல் ஆளாக பெலேக் வந்தார். படகுகளுக்கெல்லாம் மூத்தவர், எல்னாதனுக்கு அப்பா வயது. கரையேறியதும் யாரிடமும் நிற்காமல் நேரே வந்திருக்கிறார் போல, காலில் மணல் ஒட்டியிருந்தது, கையில் பெரிய காட் மீன் ஒன்று செவுளில் கயிறு கோத்துத் தொங்கியது. வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார்.

“என்னம்மா இது, திடீர்னு? செவ்வாக்கெழம நான் போறப்ப நல்லா இருந்தாரே.”

ஜெருஷா பதில் சொல்வதற்குள் அடுப்படி நிழலிலிருந்து எல்னாதன் முன்னால் வந்தார். “பெலேக் அய்யா, நான் இங்கதான் இருக்கேன். எல்லாம் இவ அண்ணன் பண்ண கூத்து.”

பெலேக்கின் முகத்தில் இருந்த இரத்தம் அப்படியே இறங்கியதை ஜெருஷா பார்த்தாள். மீனை மெதுவாகத் தரையில் வைத்தார். எல்னாதனைப் பார்க்காமல், அவர் நின்ற இடத்துக்குச் சற்று மேலே பார்த்தபடி, பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார். போகும்போது, “தைரியமா இரும்மா,” என்று மட்டும் சொன்னார்.

அன்று ஊரில் இரண்டு பேச்சு ஒன்றாகக் கலந்தது. ஒன்று ஈனோஸ் சொன்னது: உத்தியோகத்தை விடுகிற வரைக்கும் அந்த ஆள் நமக்குச் செத்தவன், யாரும் முகம் பார்க்கக் கூடாது, வாய் கொடுக்கக் கூடாது. இன்னொன்று பெலேக் சொன்னது: செத்தவரை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒன்று கட்டுப்பாடு, ஒன்று பயம். முதல் வாரம் எது எதுவென்று தெரிந்தது. கட்டுப்பாட்டுக்காரர்கள் எல்னாதன் எதிரே வந்தால் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார்கள், தாண்டிப் போனதும் முதுகுக்குப் பின்னால் களுக்கென்று சத்தம் கேட்கும். ஜெருஷாவுக்கு அந்தச் சிரிப்பு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் வாரம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது, நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்ததென்று தெரிந்தது. இப்போது யாரும் உதட்டைக் கடிக்கவில்லை. கிணற்றடியில் எல்னாதன் வாளியோடு நின்றால் பெண்கள் அவர்மேல் மோதாமல் விலகிப் போனார்கள், ஆனால் அவர் ஒருவர் நிற்கிறார் என்பதற்காக இல்லை, அந்த இடத்தில் தரை சரியில்லை என்பது போல. எதிர்வீட்டு நாய் அவரைக் கண்டால் சங்கிலியை அறுத்துக்கொண்டு குரைக்கும். அதுவும் குரைப்பதை விட்டுவிட்டது.

ஜெருஷா ஒருநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தாள். வேலியோரம் புது மண். தலைமாட்டில் பலகை நட்டு அவர் பெயரும் வயதும் எழுதியிருந்தார்கள். மண் நடுவில் குழிந்து உள்வாங்கியிருந்தது, மனிதரைப் புதைத்த இடத்தில் சில வாரத்தில் உள்வாங்குமே, அந்த மாதிரி. வைக்கோல் மக்கினாலும் மண் இறங்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் திரும்பி வரும்போது அவள் நடை வேகமாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக எல்னாதனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

“என்ன, நாடி பாக்கிறியா?” என்றார்.

“சும்மாதான்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அடுத்தது நடந்தது. வீட்டில் சாவோ நோயோ விழுந்தவர்கள் ஒரு சீட்டு எழுதிப் போதகரிடம் கொடுப்பார்கள். அவர் அதைச் சபையின் முன்னால் வாசிப்பார், சீட்டுக்குரியவர் எழுந்து நிற்பார், எல்லாரும் ஜெபம் பண்ணுவார்கள். அன்று போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: “கைம்பெண் ஜெருஷா, தன் கணவருடைய மரணத்தைத் தேவன் தனக்கு நன்மையாக்கும்படி சபையாரின் ஜெபத்தைக் கோருகிறாள்.” ஜெருஷா அப்படி ஒரு சீட்டைக் கொடுக்கவில்லை. பெலேக்கின் மனைவி நல்ல எண்ணத்தில் கொடுத்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. ஜெருஷா எழவில்லை. அவள் பக்கத்தில் எல்னாதன் எழுந்தார்.

“போதகரே, நான் உசுரோட இருக்கேன். இதோ நிக்கிறேன்.”

அவர் குரல் கூரை வரைக்கும் போனது. போதகர் நிறுத்தினார். யாராவது இருமினால் இருமி முடியட்டும் என்று நிறுத்துவாரே, அப்படி நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார். ஒரு தலை திரும்பவில்லை. எல்னாதன் நின்றுகொண்டே இருந்தார். ஜெருஷாவுக்கு அழுகை வரும் என்றுதான் நினைத்தாள், வந்தது வெட்கம். ஊரைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து. இப்படி எல்லார் முன்னாலும் நிற்கிறாரே, உட்கார்ந்து தொலைக்கக் கூடாதா என்று இருந்தது. அந்த வெட்கம் வந்ததற்காக அன்று முழுக்கத் தன்னையே வைதுகொண்டாள்.

மருத்துவச்சி டார்கஸ் நவம்பர் மூன்றாம் வாரத்தில் வந்தாள். வாசற்படி தாண்டவில்லை. தொழுவத்துக்கு வரச்சொல்லி, பசுவின் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் ஜெருஷாவின் வயிற்றைத் தடவினாள். கனமான உடம்பு, சுள்ளென்ற வாய், ஆனால் கை மட்டும் பஞ்சு. ஜெருஷாவுக்கு முதல் பிள்ளை பிறக்கும்போதே போய்விட்டது, இரண்டாவது பத்து நாள் இருந்தது. இரண்டு தடவையும் ஜெருஷா பிழைத்தது டார்கஸின் கையால். டார்கஸ் இடப்பக்கம் அழுத்தினாள், வலப்பக்கம் அழுத்தினாள், மறுபடியும் இடப்பக்கம் அழுத்தினாள்.

“என்னக்கா?”

“குறுக்கே கெடக்கு. தல இந்தப் பக்கம், காலு அந்தப் பக்கம். வலி வர்றப்ப திருப்பணும்.”

“திருப்பிடலாம்ல?”

“நான் இருந்தா திருப்பலாம். இன்னும் நாலு பொம்பள புடிச்சுக்கணும். தனியா கெடந்தேன்னா...” டார்கஸ் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். “ஜெருஷா, ஒளிச்சு மறைச்சு எனக்குப் பேசத் தெரியாது. கைம்பொண்ணு வீடுன்னா நான் வருவேன், நாலு பேரக் கூட்டிட்டும் வருவேன். இல்லேன்னா நானே வந்தாலும் என்கூட ஒருத்தியும் வரமாட்டா. பாதிப் பேரு ஒங்கண்ணனுக்குப் பயந்துகிட்டு. மீதிப் பேரு...” அவள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். “மீதிப் பேரு வீட்டுக்குள்ள இருக்கிறதுக்குப் பயந்துகிட்டு.”

“அவரு உசுரோட இருக்காருக்கா. ஒனக்குத் தெரியாதா?”

“எனக்கு என்ன தெரியும்ங்கிறத விடு. அடுத்த ஞாயித்துக்கெழம நீயே சீட்டு குடுத்து, அத வாசிக்கிறப்ப எந்திரிச்சு நில்லு. நின்னியானா நீ கைம்பொண்ணு. அதோட முடிஞ்சுது.”

ஜெருஷா நேராக எல்னாதனிடம் போனாள். சுற்றி வளைக்கவில்லை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நான் செத்துப்போவேன், உத்தியோகத்தை விடுங்கள் என்றாள்.

“கை வெச்சு சத்தியம் பண்ணிருக்கேன் ஜெருஷா.”

“என் கையில கை வெச்சுத்தான் கல்யாணமும் பண்ணீங்க.”

அவர் எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டார். பொட்டலில் இருக்கிற பெரிய எல்ம் மரத்துக்கு, அவரைக் கட்டித் தொங்கவிட்ட அதே மரத்துக்கு, நடந்தார். அன்று ஊர்க்கூட்டம். இருபது முப்பது ஆண்கள் மரத்தடியில் நின்று, புதுப் பாய்மரத்துக்கு யார் காட்டிலிருந்து பைன் மரம் வெட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெருஷா கொஞ்சம் தள்ளி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்னாதன் கூட்டத்தின் நடுவில் போய் நின்று தொப்பியைக் கழற்றினார். கர்வமுள்ள மனிதர் தொப்பியைக் கழற்றுவதைப் பார்ப்பது அவளுக்கு நெஞ்சை அறுத்தது. “முத்திரைத்தாள் உத்தியோகத்த இன்னையோட விட்டுட்டேன். இனிமே ஒரு தாளும் வாங்க மாட்டேன், விக்க மாட்டேன். தேவன் சாட்சி. இந்த ஊர் சாட்சி,” என்று உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, முதலில் யார் கையை நீட்டுவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“வடக்குக் காட்டு மரம் கோணலா இருக்கும்ப்பா,” என்றார் கொல்லர்.

“அப்ப ஆத்தோரம் பாப்போம்,” என்றான் இன்னொருவன்.

எல்னாதன் மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது ஈனோஸின் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் நின்று சொன்னார். ஈனோஸ் சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு, “என்ன இப்படிக் குளுருது?” என்று நகர்ந்து வெயிலில் நின்றான்.

கூட்டம் கலைந்ததும் ஜெருஷா அண்ணனை மறித்தாள்.

“அண்ணே, கேட்டதச் செஞ்சாச்சு இல்ல? இன்னும் என்ன?”

“என்ன செஞ்சாச்சு?”

“அவருதான் விட்டுட்டேன்னு சொன்னாரே, ஒம்மூஞ்சிக்கு நேரா நின்னு.”

“யாரு?”

“வெளையாடாத அண்ணே. என்னால நிக்க முடியல.”

ஈனோஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும், அதை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள். ஜெருஷா அவன் காதைப் பார்த்தாள். குளிரில் வெளுத்துத்தான் இருந்தது. “ஜெரு,” என்றான் மெதுவாக, “ஊர்ல சில பேரு மாப்பிள்ளையப் பாத்தேன்னு சொல்றாங்க. நான் இல்லேன்னு சொல்லல. நீ அவரோட பத்து வருசம் வாழ்ந்தவ, ஒனக்கும் தெரியலாம். எனக்கு ஒண்ணும் தெரியல தங்கச்சி. சத்தியமா.” பிறகு குரல் உடைந்து, “கொஞ்சம் அவசரப்பட்டுட்டேனோன்னு இருக்கு. நல்ல மனுசன். அவரு இருந்து, வேற மாதிரி பேசித் தீத்திருக்கலாம்,” என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. மரத்தடியில், அவனுக்குப் பின்னால் ஐந்தடி தூரத்தில், எல்னாதன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் எல்னாதன் மேசையில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார்.

“ஒனக்கு எழுத வராதுல்ல,” என்றார். ஜெருஷாவுக்கு வாசிக்கத் தெரியும். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் சொல்லிக்கொடுப்பார்கள்.

“என்ன எழுதப் போறீங்க?”

“சீட்டு.”

“வேண்டாங்க.”

“புள்ள குறுக்கே கெடக்குன்னு நீதான சொன்ன?” அவர் மையைத் தொட்டு எழுத ஆரம்பித்தார். பத்திரம் எழுதும்போது உட்காருவது போலவே முதுகை நேராக வைத்து, ஒரு கோடு கோணாமல் எழுதினார். “கைம்பெண் ஜெருஷா” என்பதுவரை எழுதி, கையை எடுத்துவிட்டு யோசித்தார். “காலஞ்சென்ற எல்னாதன்னு போடவா? மறைந்த எல்னாதன்னு போடவா?”

“ஏங்க...”

“காலஞ்சென்றதுதான் முறை,” என்று அவரே முடிவு செய்துகொண்டார். எழுதி முடித்து, மை காய மணல் தூவி, ஊதி, அவளிடம் நீட்டினார். அவள் கையில் வாங்கியபோது அவர் தாளை உடனே விடவில்லை. ஒரு கணம் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கைப்பிடித்து வாசல்வரை கூட்டிப்போனவரும் அவர்தான். உள்ளே அவள் கைம்பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏற்கெனவே அங்கிருந்த மூன்று பேரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், ஒருத்தி காலைச் சூடாக வைத்துக்கொள்ளும் தணல்பெட்டியை இவள் பக்கம் தள்ளினாள். சீட்டு வாசித்தார்கள். ஜெருஷா எழுந்து நின்றாள். ஊரே எழுந்து அவளுக்காக ஜெபம் பண்ணியது. இத்தனை வாரம் பட்டினி கிடந்த உடம்பில் கஞ்சி இறங்குவது போல, அந்த ஜெபம் இதமாக இறங்கியது. அது அவளுக்குப் பிடித்திருந்தது, அதை அவளால் மறுக்க முடியவில்லை. கண்ணைத் திறந்து தங்கள் பழைய இருக்கையைப் பார்த்தாள். இருக்கை காலியாக இருந்தது. சன்னல் வெளிச்சம் பலகையில் விழுந்திருந்தது. கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி பார்த்தாள், எல்னாதன் எப்போதும்போல் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் இரண்டாம் வாரம், பனி லேசாகத் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் வலி எடுத்தது. யாரும் போய்க் கூப்பிடவில்லை, புகைபோக்கியில் புகை கூடியதைப் பார்த்தே டார்கஸ் வந்துவிட்டாள். பின்னாலேயே ஐந்து பெண்கள் ரொட்டியும் கேக்கும் ஆப்பிள் மதுவும் சுமந்துகொண்டு வந்தார்கள். வீடு நிறைந்துவிட்டது. சிரிப்பும் பேச்சும், யார் பிள்ளை எத்தனை நாழிகை இழுத்தடித்தது என்ற கதையும். ஜெருஷா இரண்டு பெண்களின் தோளில் தொங்கினாள், டார்கஸ் உள்ளே கை விட்டாள். அந்த வலியை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கு நடுவே வெளியிலிருந்து டக், டக்கென்று கோடரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“யாரு வெறகு வெட்டுறது?” என்றாள் பெலேக்கின் மனைவி.

“ஈனோஸா இருக்கும்,” என்றாள் ஒருத்தி.

“ஈனோஸ் பாஸ்டன் போயிருக்காரே.”

ஒருத்தி எழுந்து அடுப்பில் இன்னொரு கட்டையை வைத்தாள்.

மத்தியானம் தாண்டியபோது டார்கஸ், “வந்துருச்சு, கால் கெடச்சிருச்சு,” என்றாள். கால் வந்தது, இடுப்பு வந்தது, தோளில் ஒரு நிமிஷம் நின்று எல்லாருடைய மூச்சையும் நிறுத்திவிட்டு, தலையும் வந்தது. ஆண் பிள்ளை. நீலமாக இருந்தது. டார்கஸ் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், ஒன்று, இரண்டு, மூன்றாவது தட்டலில் வீறிட்டது. ஐந்து பெண்களும் ஒரே சமயத்தில் அழுதார்கள். ஜெருஷா அழவில்லை. பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. இதற்குத்தானே எல்லாம் என்று நினைத்தாள்.

கழுவி, துணி சுற்றி, மார்பில் போட்டார்கள். கேக்கை அறுத்தார்கள். கோடரிச் சத்தம் எப்போது நின்றதென்று யாருக்கும் தெரியாது. கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்து, பனிக்காற்று உள்ளே வந்தது.

“ஜெருஷா,” என்று எல்னாதனின் குரல் கேட்டது. “நல்லா இருக்கியா? என்ன புள்ள?”

பெண்கள் கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.

“பேரு என்ன வெக்கிறது?” என்று பெலேக்கின் மனைவி கேட்டாள்.

“இதுல என்ன கேள்வி?” என்றாள் டார்கஸ், கையைக் கழுவிக்கொண்டே. “அப்பன் போனப்புறம் பொறந்த ஆம்பளப் புள்ளைக்கு அப்பன் பேரத்தான் வெக்கணும். பேரு மண்ணுக்குள்ள கெடக்கக் கூடாது. ஏம்மா, நீயே வாய் தொறந்து சொல்லு. பெத்தவ வாயால முதல்ல வரணும்.”

ஆறு முகமும் அவளைப் பார்த்தன. வெதுவெதுப்பான, வாஞ்சையான முகங்கள். ஜெருஷா பிள்ளையின் நெற்றியைப் பார்த்தாள். நடுவில் ஒரு சின்னச் சுருக்கம், எதையோ வாசிக்கப் போகிறவன் போல.

“எல்னாதன்,” என்றாள்.

“ம்?” என்றார் கதவருகில் நின்றவர்.

யாரும் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், தானும் திரும்பவில்லை என்று ஜெருஷாவுக்கு உறைத்தது. இப்போது திரும்பலாமா என்று நினைத்தாள். திரும்பினால் அங்கே என்ன இருக்கும் என்று தெரியவில்லை, அதனால் கழுத்து திரும்பவில்லை. மார்பில் கிடந்த பிள்ளை மட்டும் முனகிக்கொண்டு, துணிக்குள்ளிருந்து தலையை இழுத்து இழுத்து, குரல் வந்த பக்கமாகத் திருப்பியது. இன்னும் ஒன்றையும் பார்க்கத் தெரியாத கண்ணை அகலமாகத் திறந்து, அசையாமல் அங்கேயே வைத்துக்கொண்டிருந்தது.

“பாரேன், காத்து வர்ற தெசைய எப்படிப் பாக்குது!” என்று சிரித்தாள் பெலேக்கின் மனைவி. கேக்கை வாயில் போட்டுக்கொண்டு எழுந்துபோய், கதவைத் தோளால் நன்றாக அழுத்திச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.